எல்லையில் நிற்கும் லாரியின் புகையைக் கிலோமீட்டரால் அளக்கலாமா?

தேனி வாசகரின் கேள்வி, 2025 ஜூன் 7

ஐயா, நான் முதுநிலைப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். நாடுகளுக்கு இடையேயான சாலை எல்லைகளில் வாகனங்கள் விடும் புகையைக் கணக்கிடுவதைத் திட்டக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டு, வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோலை மாதிரியாக வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை லாரி கடக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை தூரம் ஓடுகிறது என்பவற்றைத் திரட்டிவிடலாம். கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் புகை என்பதற்குப் புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. தந்த காரணிகள் இருக்கின்றன. மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும்போது எல்லைக்கென்று தனி முறை எதற்கு? நீங்கள் போக்குவரத்துக் கணக்கெடுப்பிலேயே இருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

2025 ஜூன் 8, இரவு

தம்பி, நீங்கள் பெருக்கும் மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் லாரியின் வேலை ஓடுவது. எல்லையில் அதன் வேலை பெரும்பாலும் நிற்பது. நிற்கிற வண்டிக்குக் கிலோமீட்டர் கிடையாது. கிலோமீட்டர் பூஜ்யமானால் உங்கள் கணக்கில் புகையும் பூஜ்யமாகிவிடும். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 300 லாரிகள், 1.2 கிலோமீட்டர் நீள வரிசை, ஒவ்வொரு லாரியும் வரிசையில் கழிப்பது 90 நிமிடம். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால், உங்கள் முறைப்படி எல்லா லாரிகளும் சேர்ந்து எரிப்பது 120 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு வரும் என்பதால் மொத்தம் சுமார் 320 கிலோ. இனி நேரத்தால் கணக்கிடுங்கள். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால், 90 நிமிடத்துக்கு 2.25 லிட்டர், 300 லாரிக்கு 675 லிட்டர், கரியமில வாயு 1,800 கிலோவைத் தாண்டுகிறது. ஒரே வரிசைக்கு இரண்டு விடைகள், ஒன்று மற்றொன்றைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல்.

அந்த ஒன்றரை லிட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் திருமங்கலத்தில் ஒரு பட்டறையில், எங்கள் குடும்ப லாரியின் டீசல் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, திரும்பி வரும் குழாயையும் சேர்த்து, கோடு போட்ட கேனுக்குள் விட்டு, ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஓடவிட்டோம். மூன்று முறை செய்தோம். கேனில் இறங்கிய டீசல் 1.4 முதல் 1.6 லிட்டர் வரை. இது அந்த ஒரு வண்டியின் கணக்கு. படுக்கை அறையும் ஏ.சி.யும் உள்ள அமெரிக்கப் பெரிய லாரிகள் நின்ற நிலையில் மணிக்கு 3 லிட்டர் வரை எரிப்பதாக அந்நாட்டு எரிசக்தித் துறை சொல்கிறது.

உலகமும் இந்த வழியில்தான் நகர்ந்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்பு வைத்திருந்த ‘மொபைல்’ மென்பொருள் சராசரி வேகத்தை வைத்தே கணக்கிட்டது. 2010-இல் அதன் இடத்துக்கு வந்த ‘மூவ்ஸ்’, வண்டியின் ஓட்டத்தை நொடி நொடியாகப் பிரித்து, ஒவ்வொரு நொடியையும் 23 இயக்க நிலைகளில் ஒன்றில் போடுகிறது. மணிக்கு ஒரு மைலுக்குக் கீழே போனால் அது ‘நின்ற நிலை’. மற்ற நொடிகளுக்கு, அந்த நொடியில் ஒரு டன் எடைக்கு எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுக்க வேண்டியிருந்தது என்பதே முக்கிய அளவுகோல். 1999-இல் ஹிமெனெஸ் பலாசியோஸ் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வேட்டில் முன்வைத்த கருத்து அது. எல்லை வரிசையைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

2025 ஜூன் 9

மதுரையில் உட்கார்ந்துகொண்டு வங்கதேச எல்லையைப் பற்றிப் பேசுவானேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். நமக்குத் தரை எல்லை கிடையாது. நம் பக்கத்து அயல்நாடு கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல், மதுரை, விருதுநகர் வட்டாரத்து மில்களில் நூற்ற நூல் வங்கதேசத்துப் பின்னலாடை ஆலைகளுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி லாரியிலேயே பெட்ராபோல் வரை போயிருக்கிறது. என் பெரியப்பா அந்த வழியில் ஓட்டியவர். அங்கே எரிந்த டீசலில் திருமங்கலத்து பங்க்கில் போட்டதும் கொஞ்சம் இருந்திருக்கும்.

2025 ஜூன் 15

முதல் குறிப்பில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதைத் திருத்தாமல் அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை. 90 நிமிடம் வரிசையில் நிற்பதையும் 90 நிமிடம் எஞ்சின் ஓடுவதையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். அவை இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. இது எனக்குத் தெரியாத செய்தியும் இல்லை. பெரியப்பாவோடு ஒரு முறை போய் நானே கண்ணால் பார்த்தது.

2018-இல் அவருடைய லாரியில் நூல் பேல் ஏற்றிக்கொண்டு போன்காவ் போனோம். எல்லைக்கு முந்தைய ஊர் அது. கொல்கத்தாவிலிருந்து எல்லை சுமார் 80 கிலோமீட்டர். ஜெசோர் சாலையின் இரு பக்கமும் நூறு வயதைக் கடந்த தூங்குமூஞ்சி மரங்கள் கூரை போட்டு நிற்கும். சாலை ஓரத்துக் கிளைகளின் அடி இலைகளைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும். அங்கே லாரி நிறுத்துமிடத்தில் எங்கள் முறை வருவதற்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் செய்ய வேலை இல்லாததால், எஞ்சின் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆறு நாள் என்றால் 144 மணி நேரம். எஞ்சின் ஓடியது எல்லாம் சேர்த்து 3 மணி 20 நிமிடம். மற்ற நேரமெல்லாம் சாவியைப் பெரியப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்திருந்தார். டீசல் தொட்டிக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்ததில் இறங்கியிருந்தது அரை விரற்கடைதான். இதை நான் முதல் குறிப்பில் போட்ட முறையில் கணக்கிட்டிருந்தால், ஒரு லாரி 216 லிட்டர் டீசலை நின்ற இடத்திலேயே எரித்ததாக விடை வந்திருக்கும். உண்மையில் எரிந்தது ஐந்து லிட்டர். தம்பியின் கிலோமீட்டர் முறை புகையைக் குறைத்துக் காட்டுகிறது என்றேன். என் காத்திருப்பு முறை அதைவிடப் பெரிய அளவில் கூட்டிக் காட்டும்.

ஆகவே, எல்லையில் அளக்க வேண்டியது எஞ்சின் ஓடிய நிமிடங்களை. அந்த எண் எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் இருக்காது. வண்டி வந்த நேரமும் போன நேரமும் பதிவாகும். நடுவில் ஓட்டுநர் சாவியைத் திருப்பினாரா என்பதை யாராவது நின்று பார்த்தால்தான் உண்டு.

2025 ஜூன் 16

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. எஞ்சினை நிறுத்தலாம் என்று தெரிந்தும் பல ஓட்டுநர்கள் நிறுத்தாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; குழாயில் எங்காவது சிறு கசிவு இருந்தால், நிறுத்திய வண்டியில் காற்று இறங்கிவிடும். மறுபடி காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்த முடியாது. அதற்குள் பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவார். இரண்டாவது, பேட்டரி பழையதானால் செல்ஃப் எடுக்காது என்ற பயம். இவை இரண்டுமே பராமரிப்புச் சிக்கல்கள்தாம். ஆனால் எல்லைக்கு வந்து சேரும்போது அவை புகைச் சிக்கலாகிவிடுகின்றன. போன்காவில் தினமும் விடியற்காலை பெரியப்பா பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டது காற்று ஏற்றத்தான்.

2025 ஜூன் 29

தம்பியும் நானும் இன்னொரு நண்பருமாக நேற்றுக் குமுளிக்குப் போய் வந்தோம். அது நாட்டு எல்லை இல்லை, மாநில எல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிச் சாவடிகள் போய்விட்டன. மற்றச் சோதனைகளுக்காக வண்டிகள் இன்னும் நிற்கின்றன. முறையைப் பழகிப் பார்க்க அது போதும். கம்பத்துக் காய்கறி லாரிகள் ஏறிவரும் நேரம் பார்த்து, விடியற்காலை 5 மணி முதல் 9 மணி வரை நின்றோம்.

செய்த விதத்தை எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். வரிசையின் வால் பக்கம் ஒருவர், கேட் பக்கம் ஒருவர். இருவரும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் மட்டும் எழுத வேண்டும். பிறகு இரண்டு தாள்களையும் பொருத்தினால் ஒவ்வொரு வண்டியின் காத்திருப்பும் கிடைத்துவிடும். நடுவில் ஒருவர் நடந்துகொண்டே இருந்து எஞ்சின் ஓடுகிறதா என்று குறிக்க வேண்டும். பத்து லாரிகள் நெருங்கி நிற்கும்போது எந்த எஞ்சினின் சத்தம் என்று காதால் பிரிக்க முடியாது. அதற்குத் தம்பிதான் வழி கண்டுபிடித்தார்: ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள், எஞ்சின் ஓடினால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும், அதில் தெரியும் மரம் கலங்கும், நின்றுவிட்டால் மரம் தெளிவாகத் தெரியும். இத்தனை ஆண்டு கணக்கெடுப்பில் எனக்குத் தோன்றாத வழி இது.

40 லாரிகளைப் பொருத்த முடிந்தது. சராசரிக் காத்திருப்பு 26 நிமிடம். அவற்றில் 17 லாரிகள் காத்திருந்த நேரத்தில் பாதிக்கும் மேல் எஞ்சினை நிறுத்தியிருந்தன. ஒரு நாள் காலையின் 40 வண்டிகளை வைத்து ஆண்டுக் கணக்குப் போடக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளுக்காகக் கம்பம்மெட்டு வழி ஏற்றமும் குமுளி வழி இறக்கமுமாக ஒருவழிப் பாதை ஆக்கும் நாள்களில் இதே இடம் வேறு இடமாகிவிடும்.

அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. வரிசை நகரும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 30 மீட்டர்தான் நகர்கிறது. ஓட்டுநர் முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கிறார். வண்டி உறுமிக் கிளம்பி, நடைவேகத்தைத் தாண்டும் முன்பே நிற்கிறது. கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார். அந்தக் கிளம்பும் நொடியில்தான் சைலன்சரிலிருந்து கரும்புகை ஒரு குத்தாக வெளியே வருகிறது. நின்ற நிலையில் வருவது மெல்லிய புகை. வெறும் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை. நான் முதல் குறிப்பில் போட்ட கணக்கில் இந்தக் குத்துக்கு இடமே இல்லை.

இதைப் போட்டுப் பார்த்தேன். 25 டன் லாரி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு வர வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 60 கிலோஜூல். 30 மீட்டர் உருள டயர் எதிர்ப்பைத் தாண்ட இன்னொரு 60. எஞ்சின் டீசலின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்தால், ஒரு நகர்வுக்கு 480 கிலோஜூல் டீசல், அதாவது 13 மில்லிலிட்டர். 1.2 கிலோமீட்டர் வரிசையைக் கடக்க 40 நகர்வுகள். அரை லிட்டருக்குச் சற்று மேலே. சமதளத்தில் இது. நூற்றுக்கு ஐந்து ஏற்றம் உள்ள சாலையானால், 30 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் உயரம் தூக்கும் வேலை தனியாகச் சேரும். அது மட்டுமே மேற்சொன்ன இரண்டும் சேர்ந்ததைப் போல மும்மடங்கு.

ஆக, முதல் குறிப்பின் கணக்கைத் திருத்தினால்: 90 நிமிடத்தில் எஞ்சின் ஓடியது 50 நிமிடம் என்றால் 1.25 லிட்டர், நகர்வுக்கு 0.53 லிட்டர், மொத்தம் 1.78, 300 லாரிக்கு சுமார் 535 லிட்டர், கரியமில வாயு ஏறக்குறைய 1,430 கிலோ. தம்பியின் 320-க்கும் என் 1,800-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை அந்த 50 நிமிடம் என்ற ஒரே எண் தீர்மானிக்கிறது.

2025 ஜூலை 6

கரியமில வாயுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எரிபொருள் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால் அது எளிது. கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படி இல்லை. எரிபொருள் அளவு ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் எப்படி ஓடியது, அது எந்தத் தலைமுறை எஞ்சின் என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகவே வகைப்படுத்திவிட்டதால், இதைப் பின்னிணைப்பில் தள்ளிவிட முடியாது.

பழைய லாரிகளை ஒழித்தால் எல்லைப் புகை ஒழிந்துவிடும் என்று சென்ற மாதம் ஒரு நண்பரிடம் சொன்னேன். இப்போது அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை விதிக்கு உட்பட்ட லாரிகளில் கரித்துகளைப் பிடிக்க வடிகட்டி உண்டு. டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 10 பங்காக இறங்கிவிட்டது. கரித்துகளில் அதன் பலன் வரிசையிலும் கிடைக்கும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியாக் கரைசல் முறைக்குச் சூடு வேண்டும். புகையின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வராவிட்டால் அந்த அமைப்பு யூரியாவை உள்ளே தெளிக்கவே தெளிக்காது. ஒரு மணி நேரம் நின்றபடியே ஓடும் எஞ்சினின் புகை அவ்வளவு சூடாக இருக்காது. நெடுஞ்சாலையில் சுத்தமாக ஓடிவந்த புது லாரி, எல்லை வரிசையில் நிற்க நிற்க அந்த ஒரு விஷயத்தில் பழைய லாரியை நெருங்கிவிடுகிறது. கிலோமீட்டர் காரணிகளில் இது தெரியாது; அவற்றை எடுத்த சோதனை ஓட்டத்தில் எஞ்சின் சூடாகவே இருக்கும்.

இன்னொரு சிக்கல், எல்லையில் இரண்டு நாட்டு வண்டிகள் சேர்வது. அமெரிக்க மெக்சிகோ எல்லையில் இதைப் பட்டுத்தான் உணர்ந்தார்கள். சான் இசிட்ரோ, ஒட்டாய் மேசா வாசல்கள், எல் பாசோ பாலங்கள் என அந்த எல்லையின் கடவுகள் எல்லாவற்றிலும் அமெரிக்காவுக்குள் நுழையும் பக்கத்து வரிசையே நீளமானது. அதில் நிற்கும் வண்டிகளில் பல மெக்சிகோப் பதிவு பெற்றவை. எல்லையைக் கடந்து சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கென்றே குறுந்தூர லாரிகள் உண்டு. நாள் முழுவதும் அவற்றுக்கு வரிசையில்தான் பிழைப்பு. நெடுந்தூரத்துக்கு ஆகாத பழைய வண்டிகள் அந்த வேலைக்கு வந்து சேர்கின்றன. அமெரிக்க வண்டிகளுக்காகச் செய்த மூவ்ஸ் இவற்றுக்குப் பொருந்தாததால், 2016-இல் மெக்சிகோவுக்கென்றே அதன் தனிப் பதிப்பைத் தயாரித்தார்கள்.

பெட்ராபோலில் நம் லாரி எல்லையைத் தாண்டி வங்கதேசப் பக்கத்திலுள்ள பேனாபோல் வளாகம் வரை போய், அங்கே சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறது. தம்பி, போகும்போது 25 டன், வரும்போது 10 டன்னுக்கும் கீழே. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

2025 ஜூலை 7

சான் இசிட்ரோவில் வாசல்களைக் கூட்டினார்களே, புகை குறைந்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2019-இல் முடிந்த விரிவாக்கத்துக்குப்பின் அங்கே வடக்கு நோக்கி 34 தடங்கள் இருக்கின்றன. வாசல் கூடினால் ஒவ்வொரு வண்டியின் காத்திருப்பும் குறையும். காத்திருப்பு குறைந்ததால் வராமல் இருந்தவர்களும் வரத் தொடங்குவார்கள். ஒரு வண்டிக்கு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதினால்தான் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

2025 ஜூலை 20

நூல் லாரிகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அந்தக் கதை மாறிவிட்டது. 2025 ஏப்ரலில், இந்திய நூலைத் தரைவழித் துறைமுகங்கள் வழியாக இறக்குமதி செய்வதை வங்கதேசம் நிறுத்திவிட்டது. இனி கடல் வழிதான். தம்பிக்கு இதைச் சொன்னதும், அப்படியானால் பெட்ராபோலில் நூல் லாரிகளின் புகை பூஜ்யம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டார்.

கணக்கின் எல்லைக்கோட்டைப் பெட்ராபோலைச் சுற்றி மட்டும் போட்டால் எழுதலாம். ஆனால் மதுரைப் பக்கத்து நூல் இப்போது தூத்துக்குடிக்குப் போகிறது. கண்டெய்னர் லாரி துறைமுக வாசலுக்கு வெளியே நிற்கிறது. அதுவும் நாட்டின் எல்லைதான், கேட்டும் சுங்கமும் அங்கேயும் இருக்கின்றன. சாலையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது 140-ஆகக் குறைந்தது பெரிய லாபம். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். கூடவே கப்பல் எரிப்பதும் கணக்கில் சேர வேண்டும். என் கவலை வேறு: வரிசை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும்போது, பழைய ஊரின் அறிக்கை குறைந்ததைக் காட்டும், புதிய ஊரில் யாரும் நின்று எண்ணாவிட்டால் கூடியது எங்கேயும் பதிவாகாது.

கோட்டை எங்கே போடுவது என்பது பெட்ராபோலிலேயே உள்ள கேள்விதான். எல்லை வளாகத்தின் கேட்டுக்கு உள்ளே மட்டும் எண்ணினால் போன்காவில் ஆறு நாள் நின்ற எங்கள் லாரி கணக்கில் வராது. லாரி, எல்லைக்காகத் தன் வழக்கமான ஓட்டத்தை விட்ட இடம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். 2022-இல் மேற்கு வங்க அரசு ‘சுவிதா’ என்ற இணையவழி முன்பதிவைக் கொண்டுவந்து, லாரிகளுக்கு நேரம் ஒதுக்கத் தொடங்கியது. அதன் பலனை அளக்க வேண்டுமானாலும் நிறுத்துமிடம் கோட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

2025 ஆகஸ்ட் 17

ஃபாஸ்டேக் இருக்கும்போது ஆள் நின்று எண்ணுவானேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க மெக்சிகோ எல்லையில் லாரிகளின் ரேடியோ அட்டைகளை இரண்டு இடங்களில் படித்துக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஃபாஸ்டேக்கும் அதே வகை அட்டைதான். ஆனால் நம் கப்பலூர், எலியார்பத்தி சுங்கச்சாவடிகளில் அதைப் படிக்கும் கருவி கூண்டின் தலைக்கு மேலேயே இருக்கிறது. வண்டி வந்து சேர்ந்தபின் படிப்பது, எவ்வளவு நேரம் நின்றுவிட்டு வந்தது என்று சொல்லாது. ஒரு கிலோமீட்டர் முன்னால் இன்னொரு கருவி வைத்தால் சொல்லும். அப்போதும் அது சொல்வது காத்திருப்பைத்தான். கண்ணாடி நடுங்கியதா என்று அதற்குத் தெரியாது.

இரண்டையும் சேர்ப்பதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். கருவி ஆண்டு முழுவதும் காத்திருப்பை எண்ணட்டும். ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக, ஆள்கள் நின்று காத்திருப்பில் எஞ்சின் ஓடிய பங்கை எடுக்கட்டும். ஜூனில் ஆள் பக்கமே சாய்ந்து எழுதினேன். அது கொஞ்சம் அதிகப்படி.

இதே குறிப்பில் இன்னொன்று. வெளியே விட்ட புகை வேறு, மூச்சில் போன புகை வேறு. குமுளியில் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைத் துணியால் பால் பாத்திரத்தை மூடிவைத்திருந்தார்; காலை ஒன்பது மணிக்கு அந்தத் துணியின் சாலைப் பக்கத்து ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. தினமும் துவைப்பதாகச் சொன்னார். காற்று அசையாத விடியற்காலையில் பத்துக் கிலோ புகை செய்வதை, நண்பகல் காற்றில் முப்பது கிலோ செய்யாது. புகை எந்த மணியில் வந்தது என்று எழுதாத கணக்கு அந்த அக்காவுக்கு உதவாது. சான் இசிட்ரோவிலும் நடந்து கடப்பவர்கள் கார் வரிசைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஆகவே, தம்பி, நாள் மொத்தத்தை ஒரே எண்ணாகக் கொடுக்காமல் மணிவாரியாகக் கொடுங்கள்.

2025 அக்டோபர் 5

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அறிவித்தது. நான் இதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து விருதுநகர் தாண்டுவது என்னவென்று எனக்குத் தெரியும். பெரியப்பாவின் இடது காலில் அந்தச் சூட்டால் வந்த கருப்பு இன்னும் போகவில்லை.

ஆனால் என் ஜூன் 15 குறிப்பு இதனால் பழசாகிவிடும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்த ஓட்டுநரை வைத்து அந்த 3 மணி 20 நிமிடத்தை எழுதினேன். ஏ.சி. கேபின் கிடைத்தவர் புழுதியில் படுக்க மாட்டார், படுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடினால்தான் ஏ.சி. ஓடும் என்ற நிலையில், 144 மணி நேரத்தில் இரவுகள் மட்டும் ஓடினாலே ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. அமெரிக்காவில் லாரியில் தூங்கும் ஓட்டுநருக்காக மூவ்ஸ் தனி வகையே வைத்திருப்பதை, நமக்குப் பொருந்தாது என்று சென்ற ஆண்டு ஒதுக்கினேன். இன்னும் சில ஆண்டுகளில் பொருந்திவிடும். அதற்குள் நிறுத்துமிடங்களில் மின் இணைப்பு கொடுத்தால் எஞ்சினை ஓட்டாமலேயே ஏ.சி. போடும் வழி உண்டு. அந்த நாட்டின் சில லாரி நிறுத்துமிடங்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

தம்பி நேற்றுத் தம் புதிய கணக்கெடுப்புத் தாளை அனுப்பினார். வண்டி எண்ணின் நான்கு இலக்கம், வந்த நேரம், போன நேரம், எஞ்சின் ஓடிய நிமிடம், நகர்வுகளின் எண்ணிக்கை, லோடா காலியா என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ஏ.சி. கேபினா என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார். கிலோமீட்டர் என்ற கட்டத்தையும் எடுக்காமல் கடைசியில் வைத்திருக்கிறார். அது இருக்கட்டும், வெறும் வண்டி திரும்பும் தூரத்துக்கு அது வேண்டும்.

கார்த்திகை பிறந்து முதல் வாரம் குமுளிக்கு மறுபடி போகிறோம். மூன்றாவது ஆள் தேவைப்படுகிறது; விடியற்காலை நான்கு மணிக்குக் கம்பத்தில் இருக்க முடிந்தவர் இங்கேயே எழுதலாம். நான் வால் பக்கம் நிற்கிறேன்.